மடை மாத்துனது மோட்டாருக்குத் தெரியுமா?

திங்கட்கிழமை காலை ஒன்பதரை இருக்கும். மஞ்சள் வியாபாரி ஒருத்தர் போன் பண்ணினார். குரலில் கோபம் துளியும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏனுங்க அம்மிணி, ரிப்போர்ட்டு வந்துச்சுங்க. அதுல ஒரு சந்தேகமுங்க. ரெண்டு சாம்பிளுக்கு வேற வேற பேரு போட்டுக் குடுத்திருந்தேன். ரெண்டும் ஒரே மூட்டைல அள்ளுனதுங்க. ஒண்ணுல கர்குமின் நல்லா வந்திருக்குது. இன்னொண்ணுல அதுல மூணுல ஒரு பங்குதான் இருக்குதுங்க. மூட்டைக்கு மேல ஒரு மஞ்சளு, கீழ ஒரு மஞ்சளுங்களா?"

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் பழகியவர்கள் விரலியை ஒடித்து உள்நிறத்தைப் பார்த்தே சரக்கின் தரத்தைச் சொல்லிவிடுவார்கள். மஞ்சளின் நிறப்பொருளான கர்குமினை ஆய்வுக்கூடத்தில் அளந்து நாங்கள் கொடுக்கும் காகிதத்தை ஒரேயடியாக நம்பிவிட மாட்டார்கள். ஒரே சரக்கை இரண்டு பெயரில் கொடுத்து, சோதிக்கிறவர்களையே சோதித்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்தச் சோதனையில் தோற்றது நான்.

ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2019-ஆம் வருட சீசன் அது. புது மஞ்சள் வரத்து தொடங்கிவிட்டால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரவு பகல் கிடையாது. ஏற்றுமதிக்குப் போகிற சரக்கு, மசாலாக் கம்பெனிக்குப் போகிற சரக்கு, மருந்துச் சாறு எடுக்கப் போகிற சரக்கு என்று பொட்டலம் பொட்டலமாக வந்து குவியும். எல்லோருக்கும் முந்தாநாளே ரிப்போர்ட் வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் 2 மணிக்கு, கலந்திருப்பதைப் பிரித்து அளக்கிற ஹெச்பிஎல்சி கருவியில் 62 குப்பிகளை அடுக்கி ஓட விட்டேன். ஒரு குப்பிக்கு 18 நிமிடம். மொத்தம் பதினெட்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஞாயிறு காலை காபி குடிக்கும்போது முடிந்திருக்க வேண்டும்.

இந்தத் துறைச் சொற்களைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குப்பியை எங்கள் கூடத்தில் 'வயல்' என்பார்கள். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு வயல் என்றால் நெல்லு வயல்தான், அதனால் குப்பி. கரைசல் ஓடுகிற, உள்ளே தூள் நெருக்கி அடைத்த எஃகுக் குழாயை 'காலம்' என்பார்கள். "காலம் இன்னும் சூடாகலீங்க" என்று யாராவது சொல்லும்போது, புதிதாக வந்தவர்கள் ஏதோ தத்துவம் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே அதைக் குழாய் என்றே எழுதுகிறேன்.

வேலை நடக்கும் விதம் எளிது. மஞ்சள் சாற்றில் ஒரு துளியைக் கருவி உறிஞ்சிக் குழாயின் தலையில் விடும். பம்ப் ஒரே சீராகக் கரைசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மஞ்சளில் இருக்கிற மூன்று நிறப்பொருள்களும் குழாய்க்குள் ஒன்றை ஒன்று முந்திப் பிரிந்து, ஒவ்வொன்றாக மறுமுனையில் வெளியே வரும். பிஸ்டிமெத்தாக்ஸி கர்குமின் முதலில், டிமெத்தாக்ஸி கர்குமின் அடுத்து, கர்குமின் கடைசியில். மறுமுனையில் ஒரு விளக்கும் ஒரு கண்ணும் இருக்கும். 425 நானோமீட்டர் ஒளியை எது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்துத் திரையில் முகடு முகடாக வரையும். எங்கள் குழாயில் 8.1 நிமிடத்தில் முதல் முகடு, 8.9-ல் இரண்டாவது, 9.8-ல் கர்குமின். கவனிக்க வேண்டிய சங்கதி, கம்ப்யூட்டருக்குக் கர்குமினின் முகம் தெரியாது. 9.8 நிமிடத்தை ஒட்டி எது வருகிறதோ அதற்குக் கர்குமின் என்று பெயர் எழுதும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. அந்த 9.8-ம் குழாய் 40 டிகிரி சூட்டில் இருந்தால்தான் 9.8.

சனி ராத்திரி 10:40-க்குக் கரண்டு போனது. 29-ஆம் குப்பி ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் பத்துப் பதினைந்து நொடியில் எடுத்துக்கொண்டது. கருவியும் கம்ப்யூட்டரும் யுபிஎஸ்ஸில் இருந்ததால் அவை அசையவே இல்லை. ஆனால் கருவியையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற உள்ளங்கை அளவு நெட்வொர்க் பெட்டி ஒன்று உண்டு. அதை யாரோ எப்போதோ சுவரில் இருந்த சாதாரண பிளக்கில் செருகிவிட்டிருந்தார்கள். அது அணைந்து எரிந்ததில் தொடர்பு அறுந்து, மென்பொருள் வரிசையை நிறுத்திவிட்டது. நான் நாற்காலியில் சாய்ந்து ஒரு கண் அசந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து விழித்தபோது திரையில் ஒரு பெட்டி நின்றது: கருவியுடன் தொடர்பு போனது, மீண்டது, தொடரட்டுமா?

எனக்கு என் மேல் நல்ல அபிப்பிராயம் உண்டு. பாதியில் நின்ற 29-ஆம் குப்பியின் முடிவைச் செல்லாது என்று குறித்தேன். அதையே மறுபடியும் முதலில் இருந்து ஓட்டச் சொன்னேன். பம்ப் ஓடுகிறதா, பார்த்தேன். விளக்கு எரிகிறதா, பார்த்தேன். எல்லாம் பச்சை. 'கன்டினியூ' அழுத்தினேன். பம்ப் அழுத்தம் வழக்கமாக 120 பார் இருக்கும் இடத்தில் 150 காட்டியதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, "இப்பத்தான் எந்திரிச்சிருக்குது, செரியாயிரும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த 30 பார்தான் அன்றைக்கு என்னிடம் உண்மையைச் சொல்ல வந்த ஒரே ஆள்.

ஏனென்றால் குழாயைச் சூடாக வைத்திருக்கிற ஓவன் பழையது, தனிக்கட்டை. கம்ப்யூட்டரோடு அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அதுவும் சுவர் பிளக்கில்தான் இருந்தது. கரண்டு போய் வந்ததும் அது தானாகச் சூடேறவில்லை. எண்களை மினுக்கிக்கொண்டு, யாராவது வந்து பொத்தானை அழுத்தட்டும் என்று காத்துக் கிடந்தது. முழங்கால் உயரத்தில், கழிவுக் கேனுக்குப் பின்னால், விடியும்வரை மினுக்கிக்கொண்டே இருந்தது. ஏசி அறையில் குழாய் 24 டிகிரிக்கு இறங்கிவிட்டது. குளிர்ந்தால் கரைசல் தடிக்கும், அழுத்தம் ஏறும். முகடுகள் தாமதமாக வரும். 8.9-ல் வர வேண்டியது 9.8-க்கு வந்தது, கர்குமின் என்று பெயர் வாங்கிக்கொண்டது. நிஜக் கர்குமின் 10.8-க்கு வந்து, பெயர் இல்லாத ஏதோ ஒன்றாக ஒதுங்கி நின்றது. கல்யாணப் பந்தியில் ஒருத்தர் எழுந்து போய் வந்ததில், வரிசையே ஒரு இலை தள்ளி உட்கார்ந்துகொண்ட மாதிரி.

வரிசையின் கடைசியில் ஒரு ஸ்டாண்டர்டு, அதாவது அளவு தெரிந்த கர்குமின் கரைசல், வைத்திருந்தேன். அதைத் திறந்து பார்த்திருந்தால் ஐந்து நொடியில் பிடிபட்டிருக்கும். ஞாயிறு காலை, கன்டெய்னர் கிளம்புகிறது என்று அவசரப்படுத்தியதில், பார்க்காமலே ரிப்போர்ட் அடித்தேன். வேறு யாரையும் கை காட்ட வழியில்லை.

வியாபாரியின் போன் வந்த பிறகு அந்த ஓவனைத் திட்டிய திட்டு கொஞ்ச நஞ்சம் இல்லை. "மத்ததெல்லாம் ஒழுங்கா எந்திரிச்சு ஓடுது, இதுக்கு மட்டும் என்ன கேடு?" என்று. அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதுதான், மொடக்குறிச்சி தாண்டி ஒரு மோட்டார் ரூமைப் பார்த்ததும், எங்க அப்புச்சி, அம்மாவோட அப்பா, நினைவு வந்தது.

அப்புச்சி தோட்டம் காலிங்கராயன் வாய்க்காலுக்குக் கொஞ்சம் மேடு. வாய்க்கால் தண்ணி ஏறாது, கிணறுதான். மோட்டார் ரூமில் சுவரில் பதித்த ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சைப் பொத்தான் போட, சிவப்பு நிறுத்த. அதற்குள்ளே 'நோ-வோல்ட் காயில்' என்று ஒன்று இருக்கும். கரண்டு இருக்கும்வரை அது காந்தமாகி, மோட்டாருக்கான இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். கரண்டு போனால் பிடி விட்டுப்போகும். திரும்பக் கரண்டு வந்தாலும் அது தானாகப் பிடிக்காது. ஆள் போய்ப் பச்சையை அழுத்த வேண்டும். அப்போதெல்லாம் த்ரீ பேஸ் கரண்டு ராத்திரி ஒரு மணிக்கு வரும், இரண்டு மணிக்கு வரும். அதற்காக டார்ச் லைட் எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து நடக்க வேண்டும். அதனால் பலர் பச்சைப் பொத்தானில் குச்சி செருகி வைப்பார்கள். அப்புறம் 'ஆட்டோ' வந்தது. கரண்டு வந்ததும் தானாக மோட்டாரை எடுத்துவிடும். இப்போது கோயமுத்தூரிலேயே போனில் போட்டு நிறுத்துகிற ஸ்டார்ட்டரெல்லாம் செய்கிறார்கள்.

அப்புச்சி ஒரு வருடம் ஆட்டோ மாட்டினார். ஒரு பொழுதோடு மஞ்சள் பாத்திக்கு மடை திறந்துவிட்டு, கரண்டு போனதும் சாளையில் படுத்துவிட்டார். மூன்று மணிக்குக் கரண்டு வந்தது. மோட்டார் ஓடியது. மடை அதே பாத்தியில் திறந்திருந்தது. ஏற்கெனவே குடித்து நிறைந்த பாத்திக்கு விடிகிறவரை மறுபடியும் தண்ணி. மஞ்சளுக்குத் தண்ணி வேண்டும், ஆனால் காலடியில் தேங்கக் கூடாது. தேங்கினால் கிழங்கு அழுகல். அந்த ஓரத்துப் பாத்தி நான்கைத் தோண்டியபோது வந்த நாற்றம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. நான் ஐந்தாவதோ ஆறாவதோ படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்குப் போயிருந்தேன்.

"ஏனுங்க அப்புச்சி, மோட்டார் நல்லாத்தான ஓடுச்சு?" என்று கேட்டேன்.

"அது நல்லாத்தான் ஓடுச்சு அம்மிணி. மடை மாத்துனது மாத்தாதது மோட்டாருக்குத் தெரியுமா?" என்றார். ஆட்டோவைக் கழற்றி அட்டாலி மேலே போட்டார். அப்புறம் அவர் காலம் முடிகிறவரை டார்ச் லைட்தான்.

பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால், அன்று ராத்திரி எங்கள் கூடத்தில் நோ-வோல்ட் காயில் மாதிரி நடந்துகொண்டது அந்த ஓவன் மட்டும்தான். 'நான் நின்றுவிட்டேன், என்னைச் சுற்றி என்ன மாறியது என்று தெரியாது, ஆள் வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்' என்று நின்றது. நான் திட்டியது அதை. மெச்சியது, எதையும் பார்க்காமல் எழுந்து ஓடியவற்றை.

இயந்திரப் பாதுகாப்பு விதிகளை எழுதியவர்களுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. காளான் மாதிரி தலை பருத்த சிவப்பு அவசரப் பொத்தான் இருக்கிறதே, அதற்கென்றே ஐஎஸ்ஓ 13850 என்று ஒரு தரவிதி உண்டு. அழுத்திய பொத்தானைத் திருகி விடுவித்தால் இயந்திரம் ஓடத் தொடங்கிவிடக் கூடாது என்கிறது அது. விடுவிப்பது, ஓட்டுவதற்கு அனுமதி தருவது மட்டும். ஓட்டுவது தனி வேலை, தனிப் பொத்தான். ஐஇசி 60204-1 என்ற இன்னொன்றில் நிறுத்துவதையே மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஓடுகிற மேனிக்கே மின்சாரத்தை வெட்டிவிடுவது பூஜ்ய வகை. பதமாக நிறுத்திவிட்டுப் பிறகு மின்சாரத்தை எடுப்பது முதல் வகை. நிறுத்திவிட்டு மின்சாரத்தை விட்டு வைப்பது இரண்டாம் வகை. நான் பத்து வருடமாக எல்லாவற்றையும் 'ஸ்டாப்' என்ற ஒரே சொல்லில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹெச்பிஎல்சியிலும் அப்படித்தான். பெரும்பாலான மென்பொருள்களில் 'பாஸ்', அதாவது இடைநிறுத்தம், கொடுத்தால் ஓடுகிற குப்பியை முடித்துவிட்டு, அடுத்ததைத் தொடாமல் நிற்கும். 'அபார்ட்' கொடுத்தால் பாதியிலேயே வெட்டும். முதலாவதில் நஷ்டம் கிடையாது. இரண்டாவதில் ஒரு குப்பியின் முடிவு போகும், குழாய்க்குள் பாதி வழியில் மாட்டிக்கொண்ட சரக்கு அடுத்த குப்பியின் முடிவில் வந்து தலையை நீட்டும். பதறிப்போய் இரண்டாவதை அழுத்துகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருப்பது கெட்டுப் போகிற மாதிரி ஆபத்து இல்லை என்றால், 18 நிமிடம் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகாது.

ஆனால் பதமாக நிறுத்தினாலும் நின்றது கருவிதான், கருவிக்குள் இருக்கிற சரக்கு அல்ல. அதற்கு அதன் பாட்டுக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும். கர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது, அதனால்தான் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் வைக்கிறோம். ஊசி ஒரு தடவை குத்திய மூடியில் துளை இருக்கும். ஏசி இல்லாமல் பங்குனி வெயிலில் நாலு மணி நேரம் நின்றால் அந்தத் துளை வழியே, சாறு கரைந்திருக்கிற மெத்தனால் ஆவியாகும், மிச்சம் இருப்பது அடர்த்தியாகும். அளந்தால் மஞ்சள் நிஜத்தை விட உசத்தியாகத் தெரியும். வியாபாரிகள் இதற்குப் போன் பண்ண மாட்டார்கள். வாங்குகிறவர்தான் பண்ணுவார்.

உப்புக் கரைசல் ஓடுகிற சோதனைகள் இன்னும் மோசம். ஜாம், சாஸில் போடும் பாதுகாப்புப் பொருள்களைப் பார்க்கப் பாஸ்பேட் உப்புக் கரைசல் ஓட்டுவோம். அதை அப்படியே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் பம்ப் தலையில் சுண்ணாம்புச் சுவர் மாதிரி உப்புப் பூத்திருக்கும். அந்தப் பொடி, பம்ப்பின் சீலை அரைத்துத் தின்னும். அவசரப்பட்டு நேரடியாக அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானைத் தள்ளிக் கழுவினால் குழாய்க்குள்ளேயே உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். முதலில் தண்ணீர் அதிகம் உள்ள கரைசல், அப்புறம்தான் மற்றது. கொஞ்ச நேர நிறுத்தம் என்றால் பம்ப்பை நிறுத்தாமல் நிமிடத்துக்கு 0.1, 0.2 மில்லி என்று ஊற விட்டு வைப்போம். அடுப்பை அணைக்காமல் சிம்மில் வைக்கிற மாதிரி.

பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் வாயுக் கருவியில் வாயு தீர்ந்து போவது பெரிய பயம். உள்ளே இருக்கும் குழாய் சூடாக இருக்கும்போது ஹீலியம் நின்றால், காற்றில் இருக்கும் ஆக்சிஜன் புகுந்து உள்பூச்சைத் தின்றுவிடும். சிலிண்டர் மாற்ற வேண்டுமா, முதலில் சூட்டை இறக்கு, அப்புறம் வாயுவைத் தொடு. இதில் யோசிக்க வேறு எதுவும் கிடையாது.

நிறுத்துவதைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், என் அனுபவத்தில் கண்டம் இருப்பது திரும்ப ஓட்டுகிற அந்த முதல் சில நிமிடங்களில்தான். சோமனூரில் எங்க மாமா எட்டு விசைத்தறி வைத்திருந்தார். 2012-ல் எங்கள் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு வெட்டு இருந்ததே, அந்த வருடம் நான் கோயமுத்தூரில் காலேஜ். மாமா வீட்டில் தங்கியிருந்தேன். தறி நின்று நின்று ஓடும். ஊடை (குறுக்கு நூல்) அறுந்தாலோ பாவு (நெடுக்கு நூல்) அறுந்தாலோ தறி தானாக நின்றுவிடும், அது பரவாயில்லை. ஆனால் நின்ற தறியை எடுத்துவிடும்போது துணியின் குறுக்கே ஒரு கோடு விழும். நின்ற நேரத்தில் பாவு தளர்ந்திருக்கும். முதல் அடி வேகம் பிடிக்காமல் விழும். அந்த இரண்டு மூன்று இழை மட்டும் மற்ற இழைகளோடு ஒட்டாது. சாயம் போட்டால் பளிச்சென்று தெரியும். மாமா தறியைப் போடுவதற்கு முன்னால் கையால் பாவைத் தடவி, இரண்டு இழை பின்னுக்கு எடுத்து, பிறகுதான் போடுவார். அவசரக்காரர்கள் அப்படியே தட்டிவிடுவார்கள். "கரண்டு இருக்கற அரைமணிக்கு தடவறதுக்கு ஏது மாமா நேரம்?" என்று பக்கத்துத் தறிக்காரர் கேட்டால், "கோடு விழுந்த துணிய பீஸ் கணக்குல கழிச்சிட்டா அரைமணி எங்க போகுது மாப்பிள்ள?" என்று சொல்லிக்கொண்டே தடவுவார்.

குழாயும் பாவு மாதிரிதான். நின்று எழுந்த குழாய்க்குச் சூடும் ஓட்டமும் நிலைப்பட நேரம் வேண்டும். எங்கள் அளவுக் குழாய்க்குள் கரைசல் பத்து முறையாவது நிறைந்து வெளியேற 25 நிமிடம் ஆகும். அதற்கு முன் குத்துகிற குப்பி, தறியின் முதல் இழை. அதனால் இப்போது நாங்கள் செய்வது, நிறுத்தத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டாண்டர்டு, அந்தப் பக்கம் ஒரு ஸ்டாண்டர்டு. நடுவிலும் பத்துக் குப்பிக்கு ஒன்று. மீண்டும் ஓட்டும்போது முதலில் வெறும் கரைசல் ஒன்று, பிறகு அந்த ஸ்டாண்டர்டு. அது வர வேண்டிய நிமிடத்தில், வர வேண்டிய அளவில் வந்தால்தான் அடுத்த குப்பிக்குக் கை வைப்போம். வரவில்லை என்றால் கடைசியாகச் சரியாக வந்த ஸ்டாண்டர்டு வரை பின்னால் போய், அதற்குப் பிறகு ஓடிய அத்தனையையும் மறுபடி ஓட்ட வேண்டும். மாமா பின்னுக்கு எடுத்த இரண்டு இழை எங்களுக்குச் சில நாள் இருபது குப்பி.

அன்றைக்கு நடந்ததற்கு முதலில் வியாபாரிகளைக் கூப்பிட்டுச் சொன்னோம். 29 முதல் எல்லாவற்றையும் புதிதாகச் சாறு எடுத்து ஓட்டினோம். ஆய்வுக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 சான்று வைத்திருக்கிற கூடம் என்பதால், தவறிப்போன வேலையைத் தவறியது என்றே எழுதி, காரணத்தோடு கோப்பில் வைக்க வேண்டும். பழைய முடிவை அழிக்கக் கூடாது. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் அந்தப் பக்கத்தில் வந்து நிற்பார்கள், நான் காபி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போவேன்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கருவிகளில் சாம்பிள் எதுவும் இல்லாதபோது, நாங்களே மெயினை இறக்கிப் பார்த்தோம். நான் இந்தத் தொழிலில் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று. ஒரு நிமிடம் விட்டு ஏற்றினோம். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்றோம். ஒன்று பழைய சூட்டுக்கே தானாக ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று பழைய சூட்டை மறந்து தொழிற்சாலையில் வைத்த சூட்டுக்குப் போயிருந்தது. குலுக்கும் கருவி தானாகக் குலுங்கத் தொடங்கியது, அதன் பக்கத்தில் கை வைத்திருந்த பையன் துள்ளிக் குதித்தான். குளிர்பெட்டி ஒன்று பீப் அடித்தது, அடிக்கும் என்றே யாருக்கும் தெரியாது. அந்த நெட்வொர்க் பெட்டி எழுவதற்கு முழுசாக ஒன்றரை நிமிடம் எடுத்தது. கடைசியில் ஒவ்வொரு கருவியின் நெற்றியிலும் ஒரு துண்டுத் தாள் ஒட்டினோம். 'தானா எந்திரிக்கும்' என்று சிலதுக்கு, 'எழுப்புனா எந்திரிக்கும்' என்று சிலதுக்கு. ஆடிட்டுக்கு வந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இது எந்த நடைமுறை ஆவணத்தில் இருக்கிறது என்று கேட்டார். அப்புறம் ஆவணத்திலும் எழுதிவிட்டோம்.

இரண்டு வருடம் முன்னால், கையில் பிளாஸ்டிக் முனை மாட்டி உறிஞ்சி ஊற்றுகிற ரோபோ ஒன்று வந்தது. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சை நிறத்தை வைத்து அளக்கிற எலைசா சோதனைக்கு. ஐரோப்பாவுக்குப் போகும் மஞ்சளில் அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தம் 10 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது. 96 குழி கொண்ட தட்டில் நாளெல்லாம் கையால் ஊற்றினால் கட்டை விரல் மரத்துப் போகும். ரோபோ வந்தது எல்லோருக்கும் சந்தோஷம். அதில் கதவைத் திறந்தால் நின்றுவிடும். மூடிவிட்டு 'ரெஸ்யூம்' கொடுத்தால் விட்ட இடத்தில் இருந்து ஓடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எலைசாவில் நிறுத்தக் கூடாத இடம் ஒன்று உண்டு. கடைசியில் நிறம் வருகிற கரைசலை ஊற்றியதும் ஒவ்வொரு குழியிலும் நிறம் ஏறத் தொடங்கும். குறித்த நிமிடம் ஆனதும் அமிலம் ஊற்றி நிறுத்த வேண்டும். வெல்லம் காய்ச்சுகிறவர் பாகு பதம் வரும்போது கொப்பரையை விட்டு நகர மாட்டார். கவுந்தப்பாடிப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். அந்தப் பதம்தான் இது. எங்கள் பையன் ஒருத்தன், பாதித் தட்டுக்கு ஊற்றியபோது ஒரு முனை கோணலாக இருக்கிறதே என்று கதவைத் திறந்து, சரி செய்து, ஏழு நிமிடம் கழித்து ரெஸ்யூம் கொடுத்தான். முதல் பாதிக் குழிகளுக்கு ஏழு நிமிடம் கூடுதல் நிறம். அமிலம் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விழுந்தது. இந்த வகை எலைசாவில் நிறம் அதிகம் என்றால் நஞ்சு குறைவு என்று அர்த்தம். அதாவது முதல் பாதி சாம்பிள்கள் எல்லாம் நிஜத்தை விடச் சுத்தமாகத் தெரிந்தன. அவனே வந்து சொன்னதால் தட்டைத் தூக்கிப் போட்டோம். சொல்லியிராவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்கு ராத்திரி தூக்கம் வராத விஷயம் அது.

இன்னொன்று, நின்ற நேரத்தில் தட்டை வெளியே எடுத்துப் பார்ப்பது. திருப்பி வைக்கும்போது தலைமாடு கால்மாடு மாறினால் ஏ1 இருக்க வேண்டிய இடத்தில் ஹெச்12 இருக்கும். தட்டின் மூலையில் ஒரு வெட்டு வைத்திருப்பதே இதற்குத்தான், ஆனால் அவசரத்தில் யார் மூலையைப் பார்க்கிறார்கள். ரோபோ பாட்டுக்கு ஊற்றும். தட்டு திரும்பியது அதற்குத் தெரியாது. மடை மாத்துனது மாதிரிதான். கரண்டே போய் வந்தால் தன் கை எங்கே இருக்கிறது என்பதையே அது மறந்திருக்கும், மூலைக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். கையில் முனை மாட்டியிருக்கும்போது அப்படி அலைய விட்டால் பக்கத்தில் இருப்பதை இடித்துத் தள்ளும்.

நான் இப்போது ராத்திரி ஷிப்ட் பார்ப்பதில்லை. போன மாசம் ஒரு நாள் பதினொரு மணிக்குப் போன் அடித்தது. வெளியில் நல்ல இடி மழை.

"அக்கா, தூங்கிட்டீங்களா? கரண்டு போயிட்டு வந்துச்சுங்க. சீக்வென்ஸு நிக்குதுங்க. தொடரட்டுமான்னு கேக்குது. எல்லாம் பச்சையாத்தான் இருக்குதுங்க அக்கா. குடுத்தர்ட்டுங்களா?"

"ப்ரெஷர் எத்தன காட்டுது?"

"122-ங்க."

"ஓவன் எத்தன காட்டுது?"

"நாப்பதுங்க. ஸ்கிரீன்லயே வருதே அக்கா, புது ஓவனுங்க இது."

"ஸ்கிரீன்ல வேண்டாம் சாமி. குனிஞ்சு அதும் மூஞ்சியப் பாரு."

"இருங்க" என்றான். போனை மேசை மேல் வைத்த சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் தூரமாகப் போனது.